ஈஸ்டரா, பாஸ்குவா, உயிர்ப்பா?

கும்பகோணத்தில் ஒரு பெரிய சனிக்கிழமை சாயங்காலம். க்ரீம் நிரப்பிய கூம்பைக் கையில் பிடித்துக்கொண்டு பேக்கரி மாஸ்டர் கேட்டார்: “கேக்குல என்னண்ணே எழுதணும்?” வீட்டுக்குப் போன் போட்டேன். ஸ்பீக்கரில் மூன்று குரல்கள். “பாஸ்குத் திருநாள்னு எழுதச் சொல்லுய்யா” என்றார் அப்பாயி. தரங்கம்பாடி லுத்தரன், அதாவது சீர்திருத்தச் சபைக் குடும்பத்திலிருந்து வாக்கப்பட்டு வந்த சித்தி, “ஈஸ்டர்னு போட்டாத்தான் பிள்ளைங்க படிக்கும்” என்றார். பூசையில் வாசகம் வாசிக்கும் பெரியப்பாவோ, “ஆண்டவருடைய உயிர்ப்புப் பெருவிழா. ஒரு எழுத்துக் குறையக்கூடாது” என்று முடித்துவிட்டார். மாஸ்டர் அரைக் கிலோ கேக்கை ஒருமுறை பார்த்தார். “அப்படின்னா ரெண்டு கிலோவா எடுத்துக்குங்கண்ணே.”

மூன்றும் ஒரே நாளின் பெயர்தான். ஆனால் மூன்றும் ஒரே பொருளைச் சொல்லவில்லை. எது சரியான தமிழ் என்று கேட்பதற்கு முன்னால், ஒவ்வொன்றும் எதைச் சொல்கிறது என்று பார்த்துவிடலாம்.

சித்தியின் சொல்லில் தொடங்குவோம். ஈஸ்டர் என்ற ஆங்கிலச் சொல்லில் இயேசுவும் இல்லை, கல்லறையும் இல்லை. பீட் என்ற ஆங்கிலேயத் துறவி 725-இல் எழுதிய காலக்கணக்கு நூலில், தம் முன்னோர் ஏப்ரலை ஒட்டிய மாதத்தை ‘ஏயோஸ்டர் மாதம்’ என்றழைத்ததாகவும், அது ஏயோஸ்ட்ரே என்ற தெய்வத்தின் பெயரால் வந்ததென்றும் குறிக்கிறார். அந்தத் தெய்வத்துக்கு அவர் ஒருவர்தான் சாட்சி என்பதால் அறிஞர்களிடையே இன்றும் வழக்கு ஓய்ந்தபாடில்லை. வேரைப் பற்றி அவ்வளவு சண்டை இல்லை. விடியல், கிழக்கு ஆகியவற்றைக் குறிக்கும் பழைய வேர் அது. சமஸ்கிருத ‘உஷஸ்’ஸும் அதே குடும்பம். ஆக, தெருவுக்கு ஒரு உஷா அக்கா இருப்பாரே, அவருக்கும் ஈஸ்டருக்கும் தூரத்துச் சொந்தம். பாபிலோனிய இஷ்தார் தேவியிடமிருந்து ஈஸ்டர் வந்தது என்று ஆண்டுதோறும் ஒரு செய்தி சுற்றும். ஒலி ஒத்திருக்கிறது, அவ்வளவுதான். ‘காசு’க்கும் ‘காசி’க்கும் உள்ள உறவு.

விடியலின் பெயர், வசந்தத்தின் மாதம். முட்டையும் முயலும் வந்து ஒட்டிக்கொண்டதும் அங்கேதான். பனி உருகிப் புல் தலைகாட்டும் நாட்டுக்கு அது பொருந்தும். இங்கே நிலவரம் வேறு. மேட்டூர் அணை மரபுப்படி ஜனவரி 28-இல் மூடி ஜூன் 12-இல் திறப்பது. இடையில் வரும் இந்தத் திருநாளில் காவிரி வெறும் மணல். சம்பா அறுத்த தாளடியில் தெளித்த உளுந்தும் பயறும் பறிபட்டுக் களத்தில் காய்ந்துகொண்டிருக்கும். வெயிலில் தவிட்டு நிறமாகிவிட்ட வயலைப் பார்த்து ‘வசந்த விழா’ என்று யாருக்கும் வாய் வராது.

அப்பாயியின் ‘பாஸ்கு’வுக்கு வருகிறேன். மூன்றில் நெடுந்தூரம் நடந்து வந்த சொல் இது. எபிரேயத்தில் பெசக்: எகிப்தில் தலைச்சன் பிள்ளைகள் மாண்ட இரவில், நிலையில் ஆட்டுக்குட்டியின் இரத்தம் பூசிய வீடுகளைத் தூதன் கடந்துபோன நிகழ்ச்சி. அரமேயத்தில் பஸ்கா ஆகி, கிரேக்கத்துக்கும் லத்தீனுக்கும் போனது. இயேசு பாடுபட்டதும் உயிர்த்ததும் அந்த யூதப் பண்டிகையை ஒட்டி என்பதால், கிறிஸ்தவர்களின் திருநாளுக்கும் அதே பெயர் நின்றுவிட்டது.

நம் கரைக்கு அது எப்படி வந்தது என்பது தனிச் சுவை. தரங்கம்பாடியிலிருந்து காரைக்கால் வழியாக நாகப்பட்டினத்துக்குப் பேருந்தில் ஏறினால் ஒரு மணி நேரம், சற்றுக் கூடக்குறைய. அந்தச் சிறு கடற்கரையில் இந்த ஒரு நாளுக்கு எத்தனை பெயர் ஒலித்திருக்கிறது! நாகையில் போர்த்துகீசியர், 1658-இல் டச்சுக்காரர் பிடிக்கும்வரை, ‘பாஸ்கோவா’ என்றார்கள். டச்சுக்காரர் சொல் ‘பாசன்’. டெல்டாக்காரன் காதில் அது பாசனம் என்றுதான் விழும். காரைக்காலில் பிரெஞ்சுக்காரர் ‘பாக்’. தரங்கம்பாடியில் 1620-இல் கோட்டை கட்டிய டேனிஷ்காரர் ‘போஸ்கெ’. எல்லாமே பஸ்காவின் பிள்ளைகள்தாம்.

ஒன்றே ஒன்று தனித்து நின்றது. 1706 ஜூலை 9-இல் அதே தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்கும் புளூட்ஷோவும் ஜெர்மானியப் போதகர்கள். அவர்கள் சொல் ‘ஓஸ்டர்ன்’, ஈஸ்டரின் உடன்பிறப்பு. கோட்டைக்குள் இருந்த தளபதி ஒரு பெயரும், வெளியே தமிழ் படித்துக்கொண்டிருந்த போதகர் இன்னொரு பெயரும் சொல்லி ஒரே திருநாளைக் கொண்டாடியிருப்பார்கள். எங்கள் வீட்டுச் சண்டைக்கு முந்நூறு வருஷப் பழக்கம் இருக்கிறது என்று சித்தியிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.

ஜன்னல், சாவி, மேசை, அலமாரி என்று போர்த்துகீசியம் நம் வீட்டுக்குள் விட்டுப்போனவை பல. ‘பாஸ்கு’வின் கடைசி உகரத்திலும் என் காதுக்குப் பாஸ்கோவாதான் கேட்கிறது. புத்தகத்து வடிவம் வேறு: கத்தோலிக்கர் படிக்கும் திருவிவிலியத்தில் ‘பாஸ்கா’, சித்தி வீட்டு வேதாகமத்தில் ‘பஸ்கா’. இரண்டிலும் அது யூதர் பண்டிகையின் பெயர். இந்த இடத்தில் தமிழ் மொழிபெயர்ப்பு ஆங்கிலத்தைவிடக் கவனமாக இருந்திருக்கிறது. திருத்தூதர் பணிகள் 12:4-இல் பேதுருவைச் சிறையில் வைக்கும் காட்சியில், 1611-இன் ஆங்கில வேதாகமம் ‘ஈஸ்டர்’ என்று போட்டுவிட்டது. கதை நடப்பதோ யூதர் பண்டிகைக் காலத்தில். தமிழில் பஸ்கா பஸ்காவாகவே இருக்கிறது.

ஊர் வழக்கில் பாஸ்குவுக்கு இன்னொரு பொருளும் உண்டு. “பாஸ்கு பார்க்கப் போறோம்” என்றால் ஆண்டவரின் பாடுகளை இரவு முழுக்க மேடையில் நடிக்கும் நாடகத்தைப் பார்க்கப் போகிறோம் என்று அர்த்தம். பாயைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு போய், யூதாசு வரும்போது விழித்திருந்து, பிலாத்து கை கழுவும்போது தூங்கிப்போன பிள்ளைகளில் நானும் ஒருவன். இந்தப் பொருளை ஈஸ்டர் என்ற சொல் தாங்காது. “ஈஸ்டர் பார்க்கப் போறோம்” என்று யாரும் சொல்லிக் கேட்டதில்லை.

பாஸ்காவை நேர்த் தமிழாக்க முயன்றால் வரும் வம்பு தெரியுமா? கடத்தல். ‘கடத்தல் திருவிழா’ என்று காலண்டரில் அச்சடித்தால் காவல்துறைதான் முதலில் வந்து நிற்கும்.

இனிப் பெரியப்பாவின் உயிர்ப்பு. நான் நெடுநாள் இதை மொழிபெயர்ப்புக்காகச் செய்த சொல் என்றே நினைத்திருந்தேன். தப்பு. பழைய தமிழில் உயிர்ப்பு என்றால் மூச்சு, நெட்டுயிர்ப்பு பெருமூச்சு. ‘கண்டுகேட் டுண்டுயிர்த் துற்றறியும் ஐம்புலனும்’ என்ற குறளில் (1101) உயிர்த்தல் என்பது மோந்து பார்த்தல். ஈனுதல் என்ற பொருளும் அதற்கு உண்டு. மூச்சு, மணம், பிறப்பு மூன்றும் கூடியிருந்த சொல்லில்தான் நான்காவதாக, செத்தவர் மீண்டு வருதல் என்ற பொருளைக் கிறிஸ்தவத் தமிழ் ஏற்றியது.

எவ்வளவு பொருத்தம் பாருங்கள். வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு ‘உயிர்விட்டார்’ என்று வாசிக்கக் கேட்டு முழந்தாளிடுகிறோம். ஞாயிறன்று ‘உயிர்த்தார்’. அதே ஞாயிறு மாலை, பூட்டிய வீட்டுக்குள் வந்து அவர் சீடர்கள்மேல் ஊதுகிறார். யோவான் 20:22-இல் இருக்கிறது. உயிர்ப்பு என்றால் மூச்சு என்று தெரிந்தவன் அந்த வரியைப் படித்தால் ஒரு கணம் நின்றுதான் போவான்.

திருநாள் தேதி ஏன் இப்படி ஓடுகிறது என்று பிள்ளைகள் கேட்பார்கள். மார்ச் 21-ஐயோ அதற்குப் பின்னரோ வரும் பௌர்ணமி கணக்கு. அதற்கடுத்த ஞாயிறு உயிர்ப்பு. ஆகவே மார்ச் 22-க்கும் ஏப்ரல் 25-க்கும் நடுவில் எங்காவது விழும். பங்குனி உத்திரம் கழிந்த கையோடு பாஸ்கு வந்துவிடும் என்பது அப்பாயியின் சுருக்கு வழி. 2026-இல் பங்குனி உத்திரம் ஏப்ரல் 1, உயிர்ப்பு ஏப்ரல் 5. எல்லா ஆண்டும் இப்படி இழை தப்பாமல் வராது என்றாலும் பெரும்பாலும் பாட்டி கணக்கு பிசகுவதில்லை. தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதனை இன்றும் விபூதிப் புதன் என்கிறவர் அவர். அவருக்கு எல்லாத் திருநாளும் ஒரே வானத்தில்தான்.

கேக்குக்கும் தமிழ்ச் சொல் கேட்பார்கள் என்பதால் அதையும் சொல்லிவிடுகிறேன். ‘அணிச்சல்’ என்று ஒரு சொல்லாக்கம் உலவுகிறது. அதை வாயில் போட்டால் கரையவில்லை. கேக் கேக்காகவே இருக்கட்டும். பேக்கரிக்கு ‘அடுமனை’ நல்ல சொல், பலகைகளில் பார்த்துப் பழகிவிட்டோம். அடுதல் என்றால் சமைத்தல், காய்ச்சுதல்: ‘அட்டாலும் பால் சுவையில் குன்றாது’ என்று மூதுரையில் படித்ததும், வீட்டில் அடுப்பு, அடுக்களை என்று புழங்குவதும் அதுதான். ஈழத்தில் வெதுப்பகம் என்பார்கள். ஆனால் ‘பேக் பண்றது’க்கு மட்டும் புதுச் சொல் தேட வேண்டியதே இல்லை. வடை சுடுகிறோம், அதிரசம் சுடுகிறோம், பானையும் செங்கல்லும்கூடச் சுடுகிறோம். கேக்கும் சுடலாம்.

எங்கள் வீட்டில் ஓவன் வருவதற்கு முன்னால் அம்மா சுட்டது குக்கரில். கேஸ்கட்டையும் வெயிட்டையும் கழற்றிவிட்டு, அடியில் இரண்டு விரற்கடை மணல் பரப்பி, அதன்மேல் ஒரு தட்டு, தட்டின்மேல் மாவுக் கிண்ணம். மணல் கொள்ளிடத்து மணல், சலித்து அலசிக் காயவைத்தது. வாசனை தெருமுனைவரை வரும். நாற்பது நாள் தவக்காலத்தில் கறியை ஒதுக்கியிருந்த வீட்டில், பாஸ்காத் திரி ஏற்றிய இரவுப் பூசை முடிந்து பின்னிரவில் வந்து, இட்லியும் கறிக்குழம்பும் சாப்பிட்டபின் அந்த கேக்கில் கை வைப்போம். ஐரோப்பாவில் ஈஸ்டர் முட்டை வழக்கம் பரவியதற்கும் இதே ஒறுத்தல் ஒரு காரணம்: தவக்காலத்தில் முட்டைக்கும் தடை இருந்தது, கோழிகளுக்கு அது தெரியாது.

மறுநாள் திங்கட்கிழமை பயணம். லூக்கா 24-இல் இரண்டு சீடர்கள் எம்மாவு ஊருக்கு நடந்துபோகிறார்கள், வழியில் சேர்ந்துகொண்டவர் அப்பத்தைப் பிட்டபோதுதான் ஆளை அடையாளம் தெரிகிறது. அதை நினைத்து அன்று வெளியே கிளம்புவதுண்டு. எங்களுக்கு எம்மாவு பெரும்பாலும் தரங்கம்பாடி, சித்தியின் அம்மா வீடு.

சரி, தீர்ப்பு. பத்திரிகையிலும் பாடத்திலும் எழுத ‘உயிர்ப்பு ஞாயிறு’ போதும் என்பது என் கட்சி. பெருவிழாவா பண்டிகையா என்று கத்தோலிக்கரும் சீர்திருத்தச் சபையாரும் இழுபறி செய்ய அதில் இடமில்லை. ஞாயிறு என்றால் கதிரவனும்தானே? சிலப்பதிகாரம் தொடக்கத்தில் திங்களைப் போற்றிய கையோடு, ‘ஞாயிறு போற்றுதும்’ என்று காவிரிநாடனை நினைத்துப் பாடுகிறது. ஈஸ்டர் சொல்ல வந்த விடியல் அந்த ஞாயிறுக்குள் தானாக வந்து உட்கார்ந்துவிட்டது. பேச்சில் ஈஸ்டர் இருந்துவிட்டுப் போகட்டும், அதை விரட்ட வேண்டாம். எனக்குக் கவலை பாஸ்குவைப் பற்றித்தான். கடந்துவருதல் என்ற பொருள் மற்ற இரண்டு சொல்லிலும் இல்லை, அதைச் சொல்பவர்களோ அப்பாயி வயதுக்காரர்கள்.

மாஸ்டர் முதல் வரியில் ‘உயிர்ப்பு’ எழுதினார். ‘ஞாயிறு’ இரண்டாம் வரிக்கு இறங்கி, கடைசி எழுத்து கேக்கின் விளிம்பைத் தாண்டி அட்டையில் போய் நின்றது. வீட்டில் பெட்டியைத் திறந்ததும் அப்பாயி கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார். “எழுத்து கடந்து போயிருச்சே. அப்ப பாஸ்குதான்” என்றார்.