ஸ்மார்ட் போர்டு வந்துவிட்டது, பெற்றோராகிய நாம் தலைமை ஆசிரியரிடம் என்ன கேட்கலாம்?

மேலூர் பக்கம் ஒரு தொடக்கப் பள்ளி. ஸ்மார்ட் போர்டை வேட்டித் துணி போட்டு மூடி வைத்திருந்தார்கள். "கெட்டுப்போச்சுன்னா நான்ல சார் பதில் சொல்லணும்" என்றார் டீச்சர். அவர் பயம் நியாயமானதுதான். அந்தப் பயத்தைப் போக்கவேண்டியவர் தலைமை ஆசிரியர்.

தமிழக அரசின் திட்டப்படி தொடக்கப் பள்ளிகளுக்கு 22,931 ஸ்மார்ட் வகுப்பறைகள். பெரிய பள்ளிகளுக்கு ஹைடெக் லேப் எனப்படும் கணினி ஆய்வகம். ஆசிரியர்களுக்குக் கையடக்கக் கணினி. பொருள் வந்து இறங்குவதோடு அரசின் வேலை முக்கால்வாசி முடிந்துவிடுகிறது. அதற்கப்புறம் எல்லாம் ஹெச்.எம். கையில்.

முதலில் கால அட்டவணையைப் பாருங்கள். ஐந்து வகுப்புக்கு ஒரே ஸ்மார்ட் அறை என்றால், எந்த வகுப்புக்கு எந்தக் கிழமை, எந்தப் பீரியட் என்று எழுதி ஒட்டியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் அந்த அறையில் உட்காரும் பிள்ளைகளுக்கு மட்டும்தான் போர்டு. மற்றவர்கள் ஜன்னல் வழியாக எட்டிப் பார்ப்பார்கள். இதைக் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன். அறைச் சாவி யாரிடம் என்பதும் முக்கியம். ஹெச்.எம். மீட்டிங்குக்கு மதுரை போன அன்று பீரோவுக்குள் சாவி இருந்தால் பாடம் நின்றுபோகும்.

பழக்கமில்லாத ஆசிரியரைத் தெரிந்தவரோடு பத்து நிமிடம் உட்கார வைப்பது, வாரம் ஒரு பாடத்தை ஹெச்.எம். தானே போர்டில் நடத்திக் காட்டுவது, இதெல்லாம் செலவில்லாத வேலை. நெட் இழுக்காத ஊரில், புத்தகத்தின் க்யூ.ஆர். கோடு காட்டும் பாடங்களை ஒன்றிய அரசின் தீக்‌ஷா செயலியில் முன்னாடியே இறக்கி வைத்துக்கொள்ளலாம்.

சரி, பணம்? அரசுப் பள்ளிகளுக்கு ஆண்டுதோறும் வரும் ஒருங்கிணைந்த பள்ளி மானியத்தில் மின்கட்டணம், இணையக் கட்டணம், பழுதான சாதனத்தை மாற்றுவது எல்லாவற்றுக்கும் இடமுண்டு. பள்ளிக் கல்விக்கான ஒன்றிய அரசுத் திட்டமான சமக்ர சிக்‌ஷா விதிப்படி 31 முதல் 100 பிள்ளைகள் படிக்கும் பள்ளிக்கு ஆண்டுக்கு 25,000 ரூபாய், 101 முதல் 250 வரை என்றால் 50,000. அதில் பத்தில் ஒரு பங்காவது பள்ளித் தூய்மைக்குப் போகவேண்டும்.

இந்தக் கணக்கைக் கேட்க நமக்கு உரிமை இருக்கிறது. 2009 கல்வி உரிமைச் சட்டப்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர், உறுப்பினர்களில் பாதிப் பேர் பெண்கள். மானியம் எப்படிச் செலவாகிறது என்று கண்காணிப்பது குழுவின் வேலை என்றே சட்டம் சொல்கிறது. அடுத்த கூட்டத்தில் அட்டவணையைக் காட்டச் சொல்லுங்கள். போர்டு பழுதாகிக் கிடந்தால் அதைத் தீர்மான நோட்டில் எழுதி, கையெழுத்துப் போட்டு, வட்டாரக் கல்வி அலுவலருக்கு ஒரு நகல் கொடுங்கள். வாய்ப்பேச்சாக விட்டுவிடாதீர்கள்.