ஆவணப்படம்: ஒரு சொல்லின் தடம்

கொருக்குப்பேட்டையில் ஒரு படிப்பகத்தில், உருகுவே நாட்டின் முன்னாள் அதிபர் ஹொசே முகீக்கா பதவியை விட்டபின் வாழ்ந்த வாழ்க்கையைக் காட்டும் படம் ஒன்றைத் திரையிடுவதாக இருந்தது. அறிவிப்புத் தட்டியில் ‘ஆவணப்படம்’ என்று எழுதிக்கொண்டிருந்தபோது, அங்கு நாள்தோறும் செய்தித்தாள் படிக்க வரும் பெரியவர் ஒருவர், “ஆவணம் என்றால் பத்திரம் ஆயிற்றே, பத்திரத்தையா படம் பிடித்திருக்கிறார்கள்?” என்று கேட்டார். சார்பதிவாளர் அலுவலக வாசல்களில் ‘ஆவண எழுத்தர்’ என்ற பலகைகளைப் பார்த்துப் பழகியவருக்கு அந்த ஐயம் எழுவது இயல்பே.

ஆவணப்படத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லான ‘டாக்குமென்டரி’ என்பதன் வேர், ‘கற்பித்தல்’ என்னும் பொருளுடைய ஒரு லத்தீன் வினைச்சொல். அதிலிருந்து பிறந்த பெயர் முதலில் பாடத்தையும், பிறகு சான்றையும், அதன்பின் சான்றாக நிற்கும் தாளையும் குறித்தது. திரைப்படத்தோடு அதை நிலையாக இணைத்தவர் ஸ்காட்லாந்தைச் சேர்ந்த திரைப்படக் கலைஞர் ஜான் கிரியர்சன். அமெரிக்க இயக்குநர் ராபர்ட் ஃப்ளாஹர்ட்டியின் ‘மோவானா’ படத்துக்கு 1926-இல் எழுதிய மதிப்புரையில் அச்சொல்லை ஆண்டார்.

தமிழ் ‘ஆவணம்’ இதைவிட வளைந்த வழியில் வந்திருக்கிறது. பட்டினப்பாலையில் ‘வியலாவணம்’ என்பது காவிரிப்பூம்பட்டினத்தின் அகன்ற கடைத்தெரு. அகநானூற்றின் 77-ஆம் பாடலிலோ, கயிற்றால் கட்டிய குடத்தின் இலச்சினையை ஆராய்ந்து அழித்து உள்ளிருக்கும் ஓலையை எடுப்பவர்கள் ‘ஆவண மாக்கள்’ எனப்படுகிறார்கள். இதைக் குடவோலைத் தேர்தலோடு பொருத்திப் படிப்போரும் உண்டு. சோழர் கல்வெட்டுகளில் ‘விலையாவணம்’ என்பது நிலம் கைமாறியதற்கான உறுதி எழுத்து. பெரியபுராணத்தில் சுந்தரர் முதியவரிடமிருந்து பறித்துக் கிழிக்கும் அடிமை ஓலையும் ஆவணமே. பெரியவர் சொன்ன ‘பத்திரம்’ வடமொழியில் இலையைக் குறிப்பதால், அதுவும் ஓலைக்கு உறவுதான்.

‘செய்திப்படம்’ என்ற சொல் இங்கே பொருந்தாது. தண்டையார்பேட்டை, வண்ணாரப்பேட்டைக் கொட்டகைகளில் பெரிய படத்துக்கு முன் ‘நியூஸ் ரீல்’ ஓடியதே, அதற்குத்தான் அது உரியது. இலங்கையில் வழங்கும் ‘விவரணப்படம்’ நல்ல சொல். ஆனால் விவரிப்பதை மட்டுமே சொல்கிறது, சான்றாக நிற்பதைச் சொல்லவில்லை.

முகீக்காவைப் போன்றவரின் படத்தில்தான் இந்த வேறுபாடு கூர்மையாகத் தெரிகிறது. 2010 முதல் 2015 வரை அதிபராக இருந்தவரின் அந்த ஐந்தாண்டுக்கு ஆணைகளும் கோப்புகளும் கையெழுத்துகளும் அரசிடம் இருக்கும். மொன்டெவிடியோ நகருக்கு வெளியே பூ வளர்த்த சிறு தோட்டத்தில், 1987-ஆம் ஆண்டின் நீல நிற வோக்ஸ்வாகன் பீட்டில் காரோடு, பதவிக் காலத்திலும் அதன் பின்னும் அவர் குடியிருந்த எளிய வீட்டின் ஒரு சாதாரண நாளுக்கு எந்தப் பதிவேட்டிலும் வரி கிடையாது. அங்கே படச்சுருளே உறுதி எழுத்தாகிறது. ஆகவே பத்திரத்தைப் படம் பிடிப்பதன்று, படமே பத்திரமாவதுதான் ஆவணப்படம் என்று பெரியவருக்கு விடை சொல்லலாம்.

ஒன்றை மட்டும் பிரித்துச் சொல்ல வேண்டும். நடிகர் ஒருவர் தலைவராக நடிப்பது ‘வாழ்க்கை வரலாற்றுப் படம்’; தலைவரே தன் வீட்டு முற்றத்தில் அமர்ந்து பேசுவது ஆவணப்படம், அதிலும் ஒரே மனிதரைச் சுற்றி அமைவதை ‘ஆளுமைச் சித்திரம்’ எனலாம். தட்டியில் ‘ஆவணப்படம்’ என்பதை மாற்றாமல், அதன் கீழே சிறிய எழுத்தில் ‘ஆளுமைச் சித்திரம்’ என்பதையும் சேர்த்து எழுதினோம்.