கார் கழுவும் கையுறைக்குள் தங்கும் மண்

பெங்களூரில் சாலையோரத்தில் நிறுத்திய காரின் மேல் இரண்டே நாளில் செம்புழுதி படிந்துவிடுகிறது. அந்தப் புழுதியில் களிமண்ணோடு குவார்ட்ஸ் துகள்களும் கலந்திருக்கின்றன. கனிமங்களின் கடினத்தை 1 முதல் 10 வரை வரிசைப்படுத்தும் மோ கடினத்தன்மை அளவுகோலில் குவார்ட்ஸின் இடம் 7. காரின் வண்ணத்தைக் காக்கும் நிறமற்ற மேற்பூச்சோ ஏறத்தாழ 40 முதல் 50 மைக்ரான் தடிமன் மட்டுமே கொண்ட பிளாஸ்டிக் படலம். அதன் மேலிருக்கும் துகளைத் தேய்க்காமல் எடுத்துத் தன்னுள் வாங்கிக்கொள்ளும் என்பதற்காகவே மைக்ரோஃபைபர் கையுறையை வாங்குகிறோம். அப்படி வாங்கிக்கொண்ட மண் உள்ளேயே தங்கிவிட்டால், அடுத்த வாரம் அதே கையுறை மெல்லிய உப்புத்தாளாகிக் காரைக் கீறத் தொடங்கும்.

மண் ஏன் அவ்வளவு எளிதில் வெளியேறுவதில்லை என்பதற்கு இழையின் அமைப்பிலேயே விடை இருக்கிறது. ஒரு டெனியருக்கும் குறைவான, அதாவது 9000 மீட்டர் நீளமிருந்தும் ஒரு கிராம்கூட எடையில்லாத இழையையே மைக்ரோஃபைபர் என்கிறார்கள். தரமான கையுறைகளில் பாலியெஸ்டரையும் நைலானையும் ஒரே துளை வழியே சேர்த்து இழுத்து, பின்னர் காரக் கரைசலிலிட்டு அவற்றைப் பிளக்கிறார்கள். உரித்த ஆரஞ்சு சுளைசுளையாகப் பிரிவதுபோல ஒவ்வோர் இழையும் கூர்விளிம்புள்ள பல கீற்றுகளாகிறது. பாலியெஸ்டர் கீற்று எண்ணெய்ப் பிசுக்கை ஈர்க்கிறது, நைலான் கீற்று நீரை ஏற்கிறது, கீற்றுகளுக்கு இடையிலுள்ள நுண்ணிய இடைவெளிகள் நுண்புழை விசையால் அழுக்கு நீரை உள்ளிழுத்துக்கொள்கின்றன. பெருமணலைப் பிடித்து வைப்பவை கையுறையின் மேலுள்ள குஞ்சங்களின் அடிப்பகுதிகள்.

ஆகவே மண்ணைப் பிடித்திருப்பது பெரும்பாலும் இடைவெளிதான். மண்ணை விடுவிக்க வேண்டியது நீரின் அசைவு, சோப்பு அல்ல. கையுறை ஈரமாக இருக்கும்போதே வாளி நீரில் முக்கி, குஞ்சங்களை விரலால் விரித்து அலசினால், நீரின் அடியில் சிவந்த வண்டல் இறங்குவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். காய்ந்த பிறகு அதே களிமண் இழைகளோடு ஒட்டி இறுகிவிடுகிறது. என் கணிப்பில், காரைத் துடைத்து முடித்த முதல் பத்து நிமிடத்தில் அலசுவது பிறகு செய்யும் எந்தச் சலவையையும்விடப் பயன் தரும்.

மெழுகுப் பிசுக்கும் சாலை எண்ணெயும் வெறும் அலசலுக்கு அசையமாட்டா. அவற்றுக்கு லிக்விட் டிடர்ஜென்ட் சிறிதளவு கலந்த, 40 டிகிரி செல்சியஸைத் தாண்டாத நீர் போதும். கொதிநீரைத் தவிர்க்கக் காரணம் உண்டு: உலர்ந்த நைலான் ஏறத்தாழ 50 டிகிரியிலேயே இளகத் தொடங்குகிறது, ஈரத்தில் அதற்கும் முன்பே, இளகி வளைந்த கீற்று ஆறும்போது அந்த வடிவிலேயே நின்றுவிடக்கூடும். குளோரின் பிளீச்சும் நைலானைச் சிதைக்கும். பருத்தித் துணிகளோடு சேர்த்து மெஷினில் போட்டால் அவற்றின் பஞ்சு முழுவதும் கையுறையில் வந்து சேரும்.

மிகப் பெரிய கேடு விளைவிப்பது, வீட்டில் எல்லோரும் நல்லது என்று நினைத்து ஊற்றும் ஃபேப்ரிக் கண்டிஷனர்தான். அதிலுள்ள நேர்மின்னேற்ற மூலக்கூறுகள் நீண்ட கொழுப்புச் சங்கிலிகளோடு இழையின் மேல் படிந்து, மேற்பரப்பை வழுவழுப்பாக்கிவிடுகின்றன. தொட்டால் பட்டுப்போல இருக்கும். ஆனால் கீற்றிடைவெளிகளில் மெழுகுபோன்ற இந்தப் படிவு அடைத்துக்கொள்வதால் கையுறை நீரையும் வாங்காது, மண்ணையும் வாங்காது.

பெங்களூருக்கென்று ஒரு தனிச் சிக்கலும் இருக்கிறது. குடிநீரில் வாகனம் கழுவினால் 5000 ரூபாய் அபராதம் என்று இந்நகரக் குடிநீர் வடிகால் வாரியம் 2024 மார்ச்சில் அறிவித்தது. அதற்கு முன்பும் பல அடுக்குமாடிக் குடியிருப்புகளில் காருக்குக் கிடைத்தது போர்வெல் நீரோ டேங்கர் நீரோதான். அந்த நீரில் கால்சியமும் மெக்னீசியமும் மிகுதி. சோப்புக்கட்டியைத் தேய்த்தால் அவை சோப்போடு இணைந்து கரையாத வெண்படிவாகி இழைக்குள் உட்கார்ந்துகொள்ளும்; நீர் உலரும்போது சுண்ணமும் தங்கும். மொறமொறப்பாகிவிட்ட கையுறையை, ஒரு வாளி நீரில் அரைக் கோப்பை வெள்ளை வினிகர் ஊற்றிச் சிறிது நேரம் ஊறவைத்தால், அசெட்டிக் அமிலம் சுண்ணத்தைக் கரைத்துவிடும். வினிகரையும் பிளீச்சையும் மட்டும் ஒருபோதும் கலக்கக் கூடாது; குளோரின் வாயு கிளம்பும்.

முறுக்கிப் பிழியாமல் அழுத்தி நீரை வடித்து, உட்புறத்தை வெளியே திருப்பி, நிழலில் காற்றோட்டமாகத் தொங்கவிட வேண்டும். உள்ளே ஸ்பாஞ்ச் வைத்த வகை மழைக்கால பால்கனியில் உலர நாளாகும், அதற்குள் நாற்றமும் பிடிக்கும். உலர்ந்தபின் ஒரு துளி நீரை விட்டுப் பார்க்கலாம்: துளி உடனே உள்ளே இறங்கினால் இழை திறந்திருக்கிறது; முத்தாக நின்றால் ஏதோ படலம் எஞ்சியிருக்கிறது, இன்னொரு முறை டிடர்ஜென்ட் நீரில் ஊறவேண்டும். அதற்குப் பிறகும் நீரை ஏற்காத கையுறையும், தரையில் ஒரு முறை விழுந்த கையுறையும் டயருக்கும் சக்கர வளைவுக்கும் தாராளமாக உதவும்; பானெட்டுக்கு வேண்டாம்.