நீலமாக எரிந்தால் நல்ல சரக்கா?

முதலியார்பேட்டை டீக்கடையில் போன வாரம் ஒரு தம்பி கேட்டார்: “அண்ணே, சாராயத்தைக் கொளுத்தினா நீலமா எரியணுமாம். அப்படி எரிஞ்சா பயமில்லாம குடிக்கலாம்தானே?” மதுபான ஆலை லேபில் கெமிஸ்டாக இருந்து ஓய்வு பெற்றவன் என்று தெரிந்துவிட்டால் இந்தக் கேள்வி வராமல் இருக்காது. குடிக்கக் கூடாது என்பதுதான் பதில். ஏன் என்று சொல்வதற்குக் கரும்பிலிருந்து தொடங்க வேண்டும்.

அரவைப் பருவத்தில் சர்க்கரை ஆலை இருக்கும் நெல்லிக்குப்பம் வழியாகப் பஸ்ஸில் போனவர்களுக்கு அந்த வாடை தெரியும். சர்க்கரையைப் பிரித்தெடுத்த பிறகு மிஞ்சும் கறுப்புப் பாகுதான் மொலாசஸ். தண்ணீர் விட்டு இளக்கி ஈஸ்ட் சேர்த்தால், ஒன்றிரண்டு நாளில் அதிலுள்ள சர்க்கரை சாராயமாகிவிடும். அடுப்பே இல்லாமல் தொட்டி உலைப்பானை மாதிரி தளதளக்கும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஆசையாக எட்டிப் பார்த்தேன். மூக்கில் சோடா ஏறியதுபோல் சுரீரென்றது, அடுத்த மூச்சு வரவில்லை. பின்னால் நின்ற மேஸ்திரி சட்டையைப் பிடித்து இழுத்தார். தொட்டிக்கு மேலே நின்றது முழுக்கக் கரியமில வாயு. இப்படிப்பட்ட தொட்டியில் இறங்குகிறவர்கள் மயங்கி விழுவதற்கும் அதுதான் காரணம்.

இந்த ஊறலில் சாராயம் ஏறத்தாழ 8 முதல் 10 சதவீதம்தான். அதில் போதை தரும் எத்தனால் 78 டிகிரியில் கொதிக்கும், தண்ணீர் 100-ல். அந்த வித்தியாசத்தை வைத்து, உயரமான கோபுரங்களில் ஆவியாக்கிக் குளிரவைத்து 96 சதவீதம் வரை கொண்டுவருகிறோம். பிறகு தண்ணீர் கலந்து 42.8-க்கு இறக்கி, வாசனையும் நிறமும் சேர்த்தால் நம் ஊர் விலை குறைந்த விஸ்கி, பிராந்தியில் பெரும்பாலானவை தயார். கிறிஸ்துமஸ் கேக்குக்குச் சீனியைக் கருக்கி ஊற்றுகிறோமே, கிட்டத்தட்ட அதே சமாச்சாரம்தான் அந்த நிறம். அதனால் நிறத்தைப் பார்த்து ‘பழைய சரக்கு’ என்று நம்பாதீர்கள். ஸ்காட்ச் குறைந்தது 3 வருடம் ஓக் பீப்பாயில் கிடக்க வேண்டும் என்பது அங்கே சட்டம். அந்தக் குளிரிலேயே வருடத்துக்குச் சுமார் 2 சதவீதம் ஆவியாகிப் போகும். நம் வெயிலில் பல மடங்கு போகும், எந்த முதலாளிக்கு மனசு வரும்?

சரி, விஷத்துக்கு வருவோம். ‘காய்ச்சும்போது பதம் தப்பியதால் சாராயம் விஷமானது’ என்று பலர் நினைக்கிறார்கள். வெல்லத்திலோ மொலாசஸிலோ ஊறும்போது, எத்தனாலைப் போலவே இருக்கும் மெத்தனால் என்ற விஷம் மிகச் சொற்பமாகத்தான் உண்டாகும். 2023 மே மாதம் மரக்காணத்திலும், 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியிலும் உயிர்களைக் குடித்தது தொழிற்சாலைக்கென்று வரும் மெத்தனால். கள்ளக்குறிச்சியில் மட்டும் 60 பேருக்கு மேல் இறந்தார்கள். பாதிக்கப்பட்டவர்களில் சிலரை நம் புதுச்சேரி ஜிப்மர் ஆஸ்பத்திரிக்கும் கொண்டுவந்தார்கள்.

மெத்தனாலும் நீலமாகத்தான் எரியும். வாசனையும் கிட்டத்தட்ட அதேதான். இத்தனை வருடம் மோந்து பார்த்த என் மூக்கே கலவையில் அதைக் கண்டுபிடிக்காது. லேபில் கேஸ் குரோமட்டோகிராஃப் இயந்திரம்தான் இரண்டையும் தனித்தனியாகப் பிரித்துக் காட்டும்.

மெத்தனாலைக் குடித்ததும் ஒன்றும் தெரியாது என்பதுதான் கொடுமை. கல்லீரல் அதை ஃபார்மிக் அமிலமாக மாற்றி, அது பார்வை நரம்பைத் தாக்குவதற்கு 12 மணி நேரம் ஆகலாம், ஒரு நாள்கூட ஆகலாம். வயிற்று வலி, வாந்தி, மூச்சிரைப்பு, ‘கண்ணு முன்னாடி வெள்ளையா மறைக்குது’ என்ற பேச்சு, இதில் எது வந்தாலும் மோர், எலுமிச்சைச் சாறு என்று நேரத்தைக் கடத்தாதீர்கள். மாற்று மருந்து, டயாலிசிஸ் எல்லாம் ஆஸ்பத்திரியில் இருக்கிறது. எத்தனாலையே மருந்தாகக் கொடுப்பதும் உண்டு. அதைக் கேள்விப்பட்டு வீட்டில் பிராந்தி ஊற்றிக் கொடுக்காதீர்கள், அதற்கு டாக்டர் பார்க்கும் அளவு வேறு. கூடக் குடித்தவர் தெம்பாக இருந்தாலும் அவரையும் கூட்டிப் போங்கள். போலீஸுக்குப் பயந்து ‘சாப்பாடு சேரல’ என்று சொல்லிவிடுகிறார்கள், டாக்டர் பாவம் வயிற்றுக்கு மருந்து கொடுப்பார். எப்போது குடித்தார், எவ்வளவு குடித்தார் என்று உள்ளதைச் சொல்லுங்கள். மிச்சமிருக்கும் பாக்கெட்டையும் கையோடு எடுத்துப் போங்கள்.