தமிழ் ஏன் எப்போதும் ஒரே மாதிரி உடைகிறது?

வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். பள்ளி மாணவர் பட்டியலை இணையதளத்திலிருந்து சிஎஸ்வி கோப்பாக (காற்புள்ளியால் பிரித்த அட்டவணை) இறக்கி எக்செலில் திறந்தால், பெயர் இருக்க வேண்டிய இடத்தில் தலைமேல் சாய்கோடு போட்ட ஆங்கில ‘ஏ’வும் வட்டத்துக்குள் அடைத்த ‘ஆர்’ குறியும் மாறி மாறி வருகின்றன. நாலைந்து தமிழ் ஃபான்ட் போட்டுப் பார்த்தும் பலனில்லை. கோப்பு கெட்டுவிட்டதா?

கெடவில்லை. ஃபான்டுக்கும் இதற்கும் சம்பந்தமும் இல்லை. ஃபான்ட் இல்லாவிட்டால் வெறும் கட்டங்கள்தான் தெரியும். விண்டோஸ் 2000 காலத்திலிருந்தே கணினியோடு ஒரு தமிழ் எழுத்துரு வந்துவிடுகிறது. அப்படியிருந்தும் தமிழ் தெரியவில்லை என்றதும் ஃபான்டைத் தேடி ஓடும் பழக்கம் நம்மை விடவில்லை. யோசிக்காமல் செய்யும் பரிகாரத்துக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. உண்மையில் நடப்பது வேறு. அது அழகான விஷயம் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

கணினிக்குத் தெரிந்தது எண் மட்டும்தான். உலக மொழிகளுக்கெல்லாம் பொதுவான யூனிகோட் ஒவ்வொரு அடிப்படை எழுத்துக்கும், உகரக் குறி, புள்ளி போன்ற ஒவ்வொரு குறிக்கும் ஒரு எண் கொடுத்திருக்கிறது. தமிழின் முதன்மைத் தொகுதிக்கு 2944 முதல் 3071 வரை 128 இடங்கள். ‘அ’வின் எண் 2949. கணினி எண்களை பைட் பைட்டாகச் சேமிக்கிறது. ஒரு பைட் என்பது எட்டு பிட், அதாவது 0 அல்லது 1 என்ற எட்டு இலக்கம். அதில் 255க்கு மேல் அடங்காது. ஆக 2949ஐ ஒன்றுக்கு மேற்பட்ட பைட்டுகளாகப் பிரித்தாக வேண்டும். எப்படிப் பிரிப்பது என்று சொல்லும் விதிதான் யூடிஎஃப்-8.

1992 செப்டம்பரில் நியூஜெர்சியில் ஓர் உணவகத்தில் பெல் ஆய்வகத்துக் கணினி அறிஞர் கென் தாம்சன், மேசையில் தட்டுக்கு அடியில் விரிக்கும் தாளில் இதை வரைந்தார். கூட இருந்தவர் அதே ஆய்வகத்தின் ராப் பைக். சில நாட்களிலேயே இருவருமாகத் தங்களுடைய பிளான் 9 இயங்குதளம் முழுவதையும் இதற்கு மாற்றிவிட்டார்கள்.

விதி இதுதான். பைட் 0 என்ற பிட்டில் தொடங்கினால் அது ஒற்றை பைட் எழுத்து: ஆங்கில எழுத்து, எண், நிறுத்தக்குறி. 110 என்று தொடங்கினால் இரண்டு பைட் எழுத்தின் முதல் பைட். 1110 என்றால் மூன்று, 11110 என்றால் நான்கு. நடுவிலும் கடைசியிலும் வரும் பைட்டுகள் எல்லாமே 10 என்றுதான் தொடங்கும். ரயில் எஞ்சினின் நெற்றியில் பின்னால் எத்தனை பெட்டி என்று எழுதி, பெட்டிகளுக்கெல்லாம் வேறு நிறம் அடித்த மாதிரி.

2949ஐ இரும எண்ணாக எழுதினால் 101110000101, பன்னிரண்டு இலக்கம். மூன்று பைட் அச்சில் 1110, 10, 10 என்ற முன்னொட்டுகள் போகக் காலியாக இருப்பது 4, 6, 6 என்று பதினாறு இடம். முன்னால் நான்கு பூஜ்ஜியம் சேர்த்துப் பிரித்தால் 0000, 101110, 000101. இவற்றை அச்சில் பொருத்தினால் 11100000, 10101110, 10000101. அதாவது 224, 174, 133.

‘அ’வை விட்டுவிட்டு வேறு தமிழ் எழுத்தை எடுத்துச் செய்து பாருங்கள். 2944க்கும் 3071க்கும் இடையில் எந்த எண்ணை எடுத்தாலும் முதல் நான்கு இடம் 0000தான். எனவே முதல் பைட் எப்போதும் 224. நடு ஆறு இடத்தில் 101110 அல்லது 101111, இரண்டே வாய்ப்பு. எனவே இரண்டாம் பைட் 174 அல்லது 175. எழுத்துக்கு எழுத்து முழுதாக மாறுவது மூன்றாவது மட்டுமே.

எக்செல் இது யூடிஎஃப்-8 என்று அறியாமல், விண்டோஸ்-1252 என்ற பழைய மேற்கு ஐரோப்பிய அட்டவணையை வைத்து பைட் பைட்டாகப் படிக்கிறது. அந்த அட்டவணையில் 224 என்பது சாய்கோடு போட்ட ‘ஏ’. 174 என்பது வட்டத்துக்குள் ‘ஆர்’. 133 என்பது மூன்று புள்ளி. வாசகர் பார்த்த குப்பையில் ‘ஏ’வும் ‘ஆர்’உம் திரும்பத் திரும்ப வந்ததற்கு இதுவே காரணம். உயிரெழுத்துகளும் அகரமேறிய மெய்களும் 174இல் விழும். ஈகாரக் குறியிலிருந்து புள்ளி வரை 175இல் விழும், திரையில் அது உயரே ஒரு சின்னக் கோடு.

இந்த மூன்றாம் பைட்டால்தான் பைத்தான் மொழியில் நிரல் எழுதும் மாணவர்கள் மாட்டிக்கொள்கிறார்கள். ஆங்கில அமைப்பில் ஓடும் விண்டோஸில், என்கோடிங் (எந்த முறைப்படி படிப்பது என்பது) சொல்லாமல், கோப்பைத் திறக்கும் ‘ஓபன்’ கட்டளையைப் போட்டால் பைத்தானும் பெரும்பாலும் அந்த 1252 அட்டவணையைத்தான் எடுக்கும். அந்த அட்டவணையில் ஐந்து இடங்கள் காலி: 129, 141, 143, 144, 157. நம் உகரக் குறியின் மூன்றாம் பைட் 129. புள்ளியின் பைட் 141. தமிழ் எழுத்து ‘ஏ’வுக்கு 143, ‘ஐ’க்கு 144. ஐந்து பள்ளத்தில் நான்கில் தமிழ் விழுகிறது! பிரெஞ்சுக் கோப்பு என்றால் பெரும்பாலும் தப்பான எழுத்தோடு ஓடிவிடும். புள்ளியோ உகரமோ இல்லாமல் தமிழில் ஒரு வரி எழுத முடியுமா? நிரல் அங்கேயே நின்றுவிடும். பிழைச் செய்தியில் 0எக்ஸ்8டி (141ஐப் பதினாறடிமான எண்முறையில் எழுதுவது இப்படி) என்று இருந்தால் பைத்தான் தடுக்கி விழுந்தது அநேகமாக ஒரு மெய்யெழுத்தின் புள்ளியில். என்னைக் கேட்டால் இப்படி நிற்பதே நல்லது. சத்தமில்லாமல் குப்பையை டேட்டாபேஸில் சேர்த்துவிட்டு ஆறு மாதம் கழித்துக் கண்டுபிடிப்பது எவ்வளவோ மோசம்.

அந்த 10 என்ற முன்னொட்டுக்கு வருவோம். ஒரு கோப்பின் நடுவில் கண்ணை மூடிக்கொண்டு இறங்கினாலும், நிற்கும் பைட் 10 என்று தொடங்கினால் எழுத்தின் உள்ளே நிற்கிறோம் என்று தெரிந்துவிடும். அதிகம் போனால் மூன்று பைட் பின்னால் நகர்ந்தால் தொடக்கம் கிடைக்கும். ஜப்பானியர்கள் வைத்திருந்த ஷிஃப்ட்-ஜேஐஎஸ் முறையில் இந்த வசதி இல்லை. அதில் சில எழுத்துகளின் இரண்டாம் பைட், நிரல்களில் தனிப்பொருள் உள்ள பின்சாய்கோட்டின் எண்ணாகவே இருக்கும். அதை எழுத்தின் பாதி என்று அறியாத நிரல்கள் தடுமாறிப்போகும். யூடிஎஃப்-8இல் அது நடக்கவே நடக்காது.

ஆனால் பைட் கணக்கில் வெட்டினால் எழுத்து நடுவில் அறுபடும். பிஎச்பி மொழியில் எழுத்துத் தொடரை வெட்டும் ‘சப்ஸ்டர்’ பைட்டைத்தான் எண்ணுகிறது. தமிழுக்கு ‘எம்பி_சப்ஸ்டர்’ வேண்டும். அதுவும் யூனிகோட் எண்களைத்தான் எண்ணும், ‘க’வுக்கும் புள்ளிக்கும் தனித்தனி எண் என்பதால் ‘க்’கில் புள்ளி தனியாகக் கழன்று போகலாம். கோ மொழியில் ஸ்லைஸ் செய்தால், அதாவது துண்டு வெட்டினால், பைட் கணக்கு; ‘ரேஞ்ச்’ போட்டு ஒவ்வொன்றாகச் சுற்றினால் யூனிகோட் எண் கணக்கு. ரஸ்ட் மொழியில் எழுத்தின் பைட்டுகளுக்கு நடுவில் வெட்டினால் நிரல் அங்கேயே நின்றுவிடும்.

தமிழுக்கு மூன்று பைட், ஆங்கிலத்துக்கு ஒன்று. இது அநியாயம் என்று சிலர் வருத்தப்படுகிறார்கள். முதல் பைட் மாறுவதே இல்லை, இரண்டாவதற்கு இரண்டே முகம் என்பதால் ஜிஜிப் என்ற சுருக்கும் முறை அந்த உபரியில் பெரும்பகுதியைச் சுருக்கிவிடும். என் கவலை வேறு. யூனிகோடுக்கு முன்னால் பாமினி போன்ற எழுத்துரு முறைகளில் தட்டச்சான பழைய கோப்புகள் இருக்கின்றன. திறந்தால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகத் தெரிந்தால் அவை அந்த வகை. அவற்றுக்கு மட்டும் ஃபான்ட் உதவும், ஆனால் தேட முடியாது. இவற்றை யூனிகோடுக்கு மாற்றிச் சரிபார்ப்பது பெருமை தராத, பொறுமை கேட்கும் வேலை. புதுச் செயலிக்கும் விழாவுக்கும் ஒதுக்கும் பணத்தில் ஒரு பங்கை இதற்கு ஒதுக்கச் சொல்லி நாம் கேட்க வேண்டும்.

சரி, வாசகரின் கோப்பு. உடைந்து தெரியும்போது சேமிக்காமல் மூடுங்கள். எக்செலைத் தனியாகத் திறந்து, டேட்டா மெனுவில் டெக்ஸ்ட்/சிஎஸ்வி வழியாகக் கோப்பை எடுத்து, ஃபைல் ஆரிஜின் என்ற இடத்தில் 65001 என்ற யூடிஎஃப்-8ஐத் தேர்ந்தெடுங்கள். ஏற்கெனவே சேமித்துக் குப்பையாகிவிட்டதென்றால், பைத்தானில் எஃப்டிஎஃப்ஒய் என்ற நூலகத்தைக் கொண்டு பல சமயம் மீட்டுவிடலாம்.

அந்தத் தளத்தை எழுதியவருக்கும் ஒரு வார்த்தை. பைத்தானில் சிஎஸ்வி எழுதும்போது என்கோடிங்கை யூடிஎஃப்-8-சிக் என்று கொடுங்கள். கோப்பின் தலையில் 239, 187, 191 என்ற மூன்று பைட் சேரும். அதைப் பார்த்ததும் எக்செல் தானாகப் புரிந்துகொள்ளும். அதே கோப்பைத் திரும்பப் படிக்கும்போதும் சிக் சேர்க்க மறக்காதீர்கள். விட்டால் அந்த மூன்று பைட்டும் கண்ணுக்குத் தெரியாத ஒரு குறியாக முதல் பத்தியின் தலைப்போடு ஒட்டிக்கொள்ளும். ‘பெயர்’ என்ற பத்தி திரையில் இருக்கும், நிரலோ இல்லை என்று சாதிக்கும்.