திரையில் வெளிறும் கோடு தாளில் ஏன் கறுக்கிறது?

சிங்கப்பூரின் உபி வட்டாரத்தில் உள்ள ஒரு பொறியியல் அலுவலகத்தில் வரைவாளராக அண்மையில் சேர்ந்த வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார்: "கட்டடக் கலைஞரின் தளவரைபடத்தை எக்ஸ்ரெஃபாக இணைத்து, அதன்மேல் குளிரூட்டிக் குழாய்களை வரைகிறேன். திரையில் அவருடைய சுவர்கள் வெளிறியும் என் குழாய்கள் எடுப்பாகவும் தெரிகின்றன. ஏ1 தாளில் அச்சிட்டால் எல்லாம் ஒரே கறுப்பு. கணினியை அணைத்துப் போடச் சொன்னார்கள், பயனில்லை."

பயன் இருக்காது, ஏனெனில் எதுவும் பழுதாகவில்லை. எக்ஸ்ரெஃப் என்பது ஆட்டோகேட் என்ற கணினி வரைபட மென்பொருளில் 1990இல் 11ஆம் பதிப்போடு வந்த வசதி. மற்றொருவரின் கோப்பை நகலெடுக்காமல், அது இருக்கும் இடத்தை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு, நம் வரைபடத்தைத் திறக்கும்போதெல்லாம் அதைப் புதிதாகப் படித்துக் காட்டுகிறது. அப்படிக் காட்டும்போது ஆப்ஷன்ஸ் பெட்டியில் உள்ள ஒரு நழுவுகோல் அதை 90 விழுக்காடு வரை மங்கச் செய்யும். இந்த மங்கல் வரைபவரின் கண்ணுக்காக மட்டுமே ஏற்பட்டது. அச்சுப்பொறிக்கு அதைப் பற்றி எந்தத் தகவலும் போவதில்லை.

அச்சுக்குப் போவது நிறத்தின் எண். பெரிய வரைபடங்களை அச்சிடும் கருவிகளான பிளாட்டர்களில் முற்காலத்தில் உண்மையான பேனாக்கள் செருகப்பட்டிருந்தன. எந்த நிற எண்ணுக்கு எந்தப் பேனா என்று வரைவாளர் குறித்துக்கொடுப்பார். பேனாக்கள் போய்விட்டாலும் அந்தப் பட்டியல் சிடிபி கோப்பாக இன்றும் நம்மிடம் இருக்கிறது. 255 நிற எண்களில் ஒவ்வொன்றுக்கும் எத்தனை மில்லிமீட்டர் தடிமன், எத்தனை விழுக்காடு மை என்பதை அது சொல்கிறது. ஆகவே கட்டடக் கலைஞரின் சுவர்கள் தாளில் வெளிற வேண்டுமானால், அவற்றின் நிறத்தை நாம் மாற்ற வேண்டும்.

அவருடைய கோப்பைத் தொடாமலேயே அதைச் செய்ய முடியும் என்பதுதான் இந்த ஏற்பாட்டின் அழகு. வரைபடத்தின் பொருள்களை வகைபிரித்து வைக்கும் அடுக்குகளே லேயர்கள். இணைக்கப்பட்ட கோப்பின் லேயர்கள் நம் பட்டியலில் கோப்பின் பெயர், நிலைக்குத்துக் கோடு, லேயரின் பெயர் என்ற வரிசையில் வந்து நிற்கும். அவற்றின் நிறத்தை 8 என்று மாற்றினால், விஸ்ரிடெய்ன் என்ற அமைப்பு 1இல் இருக்கும்வரை, அந்த மாற்றம் நம் கோப்பில் பதிந்திருக்கும். அது 0 ஆனால், அடுத்த முறை எக்ஸ்ரெஃபைப் புதுப்பித்ததும் அவர் வைத்த நிறமே திரும்பிவிடும். லேயரின் நிறத்தை ஏற்காமல் பொருளுக்கே தனி நிறம் கொடுத்து வரைந்திருந்தால், லேயரை மாற்றியும் அது அசையாது. அத்தகைய கோப்பை, பொருள்கள் லேயரின் நிறத்தையே ஏற்கும் பைலேயர் முறைக்கு மாற்றித் தரும்படி அவரிடம் கேட்பது நம் உரிமை என்றே நான் கருதுகிறேன்.

இனி 8ஆம் நிறத்துக்குச் சிடிபியில் ஸ்கிரீனிங், அதாவது மையின் விழுக்காடு, 50 என்று கொடுத்து அச்சிடுவோம். அங்கேதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி தொடங்குகிறது. கறுப்பு மை மட்டுமே உள்ள அச்சுப்பொறியால் சாம்பல் நிறத்தை அச்சிட முடியாது. ஒரு புள்ளியை வைக்கும் அல்லது வைக்காது, இரண்டில் ஒன்றுதான். பாதிச் சாம்பல் வேண்டுமென்றால், புள்ளிகளைச் சிறு கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்திலும் பாதியை நிரப்பிப் பாதியை வெறுமையாக விடும். தொலைவிலிருந்து பார்க்கும் நம் கண் இரண்டையும் கலந்துகொள்ளும். அங்குலத்துக்கு 600 புள்ளிகள் வைக்கும் கருவியில் ஒரு புள்ளியின் அகலம் ஏறத்தாழ 0.042 மில்லிமீட்டர். ஒரு கட்டத்துக்குப் பக்கத்திற்கு 8 புள்ளிகள் என்று கொண்டால், கட்டத்தின் அகலம் 0.34 மில்லிமீட்டர் ஆகிறது. நாம் அச்சிட விரும்பும் கதவுக் கோட்டின் தடிமனோ 0.13 மில்லிமீட்டர், அதாவது மூன்றே புள்ளிகள். கட்டத்தைவிட மெலிந்த கோடு கட்டங்களின் ஊடே செல்லும்போது ஓரிடத்தில் நிரப்பிய பகுதியையும் அடுத்த இடத்தில் வெறுமையான பகுதியையும் கடக்கிறது. விளைவாக, முழுக்கோடாக வரைந்தது தாளில் விட்டுவிட்டு வரும் கோடாகத் தெரியலாம். விட்டு வரும் கோட்டுக்கு வரைபடத்தில் தனிப்பொருள் உண்டு. மேலே செல்லும் விட்டம் என்றோ மறைந்த விளிம்பு என்றோ தளத்தில் நிற்பவர் படித்துவிடுவார். நிறம் நிரப்பிய தூண் பல கட்டங்களை அடைத்துக்கொள்வதால் அது மட்டும் சீரான சாம்பலாக வருகிறது.

பிடிஎஃப் கோப்பில் பார்த்துத் திருப்தி அடைவோர் இங்கேதான் ஏமாறுகிறார்கள். திரையின் ஒவ்வொரு புள்ளியும் உண்மையிலேயே சாம்பலாக ஒளிர முடியும் என்பதால் அங்கே கோடு முழுமையாகவே தெரியும்.

எனவே என் பரிந்துரை இது. வாசகி முதலில் தடிமனால் வேறுபாடு காட்ட வேண்டும்: குழாய்க்கு 0.35, சுவருக்கு 0.18 மில்லிமீட்டர். அது போதாவிட்டால் 8ஆம் நிறத்தின் ஸ்கிரீனிங்கை 70 விழுக்காட்டிலிருந்து தொடங்கி மெதுவாகக் குறைக்கலாம். நம் பலதுறைத் தொழிற்கல்லூரிகளில் கேட் எனப்படும் கணினிவழி வரைதலைக் கற்பிக்கும்போது தாளில் அச்சிட்டுப் பார்ப்பதற்கும் போதிய நேரம் ஒதுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. கட்டுமானத் தளத்தில் ஊழியரின் கைக்குப் போவது பெரும்பாலும் தாள்தான். முழு ஏ1 தாளையும் செலவிடுவதற்கு முன், அதே கருவியில், அதே அளவையில், கதவும் தூணும் குழாயும் சேர்ந்து வரும் ஒரு மூலையை மட்டும் அச்சிட்டு, கை நீட்டும் தொலைவில் வைத்துப் பார்த்தால் எந்த எண் பொருந்தும் என்பது தெரிந்துவிடும்.