தாலி கட்டும் நேரத்தில் உங்கள் புது கேமரா யாரைப் பார்க்கிறது?

உள்ளே கண்ணாடி வைத்த டி.எஸ்.எல்.ஆர். கேமராவை விட்டு, கண்ணாடி இல்லாத மிரர்லெஸ்ஸுக்கு மாறிய திருமண போட்டோகிராபர்கள் என்னிடம் கொண்டுவரும் புகார் பெரும்பாலும் ஒன்றுதான்: “அண்ணே, லென்ஸ்ல ஃபோகஸ் சரியில்ல, சர்வீசுக்குக் கொடுக்கணுமா?” படத்தை நூறு சதவீதம் பெரிதாக்கிப் பார்த்தாலே பாதி விஷயம் தெரிந்துவிடும். முகம் மங்கலாக இருந்து, மாலையில் உள்ள சம்பங்கி பளிச்சென்று இருந்தால் ஃபோகஸ் மாலைக்குப் போயிருக்கிறது. படம் முழுக்கக் கோடுகள் இரட்டையாகத் தெரிந்தால் அது ஃபோகஸ் பிரச்சினையே இல்லை. ஷட்டர் வேகம் போதாமல் கை ஆடியிருக்கிறது. பெரும்பாலும் லென்ஸ் மேல் குற்றம் இருப்பதில்லை.

டி.எஸ்.எல்.ஆரில் ஃபோகஸ் பார்க்கும் சென்சார் தனியாக, கண்ணாடிக்குக் கீழே இருந்தது. அதற்கும் படம் பதிவாகும் சென்சாருக்கும் இம்மி வித்தியாசம் வந்தாலும் ஃபோகஸ் முன்னாலோ பின்னாலோ விழும். அதனால்தான் லென்ஸுக்கு லென்ஸ் ஃபைன் ட்யூன் செய்துகொண்டிருந்தோம். மிரர்லெஸ்ஸில் படம் பதிவாகும் சென்சாரே ஃபோகஸையும் பார்த்துக்கொள்வதால் அந்த வேலை அநேகமாக மிச்சம். இப்போது கேமரா துல்லியமாகத்தான் ஃபோகஸ் செய்கிறது. ஆனால் நாம் நினைத்த ஆள் மேல் இல்லை.

மெனுவுக்குள் போகும் முன் வியூஃபைண்டர் ஓரத்தில் இருக்கும் சின்ன டயாப்டர் சக்கரத்தைத் திருப்பி, உள்ளே தெரியும் எழுத்துகள் தெளிவாகும்படி வைத்துக்கொள்ளுங்கள். கண்ணாடி போடுகிறவர்கள் போட்டுக்கொண்டே பார்க்க வேண்டும். இதைச் செய்யாமல் நல்ல படத்தையும் மங்கல் என்று அழித்தவர்கள் உண்டு.

சரி, முகூர்த்தத்துக்கு வருவோம். கெட்டிமேளம் முழங்கியதும் நாலு பக்கமும் அட்சதை பறக்கும். ஹோமப் புகை வேறு. நமக்கும் மாப்பிள்ளைக்கும் நடுவே ஏதோ ஒரு மாமாவின் கை நீளும். கேமரா அந்தக் கைக்குத் தாவித் திரும்பி வருவதற்குள் முதல் முடிச்சு விழுந்திருக்கும். இந்தத் தாவலைக் குறைக்கத்தான் மெனுவில் டிராக்கிங் சென்சிடிவிட்டி என்ற செட்டிங், 1 முதல் 5 வரை. சோனியில் 1 பக்கம் போனால் பிடித்த ஆளை விடாது, 5 பக்கம் போனால் குறுக்கே வருவதற்கு உடனே மாறும். நிக்கானில் நேர் எதிர்: 5தான் நிதானம், 1 வேகம். பிராண்டு மாறுகிறவர்கள் பழைய நினைப்பில் எண்ணை வைத்து ஏமாறும் இடம் இது. கேனானில் பிடித்த ஆளை விடாமல் இருக்க ‘கேஸ் 2’ என்ற செட்டிங் உண்டு. நான் முகூர்த்தத்துக்கு நிதானப் பக்கம் ஒரு படி தள்ளி வைப்பேன். பெண் மேடைக்கு நடந்து வரும்போது நடுவில் உள்ள 3 போதும்.

நிக்கானின் ஏஎஃப்-சியில், அதாவது ஆளைத் தொடர்ந்து ஃபோகஸ் செய்துகொண்டே இருக்கும் முறையில், ஃபோகஸ் கிடைக்காவிட்டாலும் ஷட்டர் விழும். கம்பெனியிலிருந்து வரும்போதே ரிலீஸ் முன்னுரிமைதான். பலர் இதைத் தப்பு என்று நினைத்து மாற்றுகிறார்கள். தாலி நேரத்தில் நான் மாற்ற மாட்டேன். கொஞ்சம் மங்கலாக இருந்தாலும் அந்தப் படம் வேண்டும். குடும்ப குரூப் எடுக்கும்போது, ஃபோகஸ் கிடைத்தால்தான் ஷட்டர் விழும் ஃபோகஸ் முன்னுரிமைக்கு மாற்றினால் போதும்.

முகம், கண் கண்டுபிடிக்கும் வசதியை எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டு நம்புகிறார்கள். தாலி கட்டும்போது மாப்பிள்ளை குனிந்திருப்பார், பெண் தலை கவிழ்ந்திருப்பார். கண் கிடைக்காத கேமரா பின்னால் நிமிர்ந்து நிற்கும் நாத்தனாரைப் பிடித்துக்கொள்ளும். ரிசப்ஷனில் இன்னும் வேடிக்கை: எல்.இ.டி. திரையில் ஓடும் ப்ரீ வெட்டிங் படத்தில் உள்ள முகத்தையே பிடிக்கும்! ஃபோகஸ் ஏரியாவை முழு ஃபிரேமுக்கும் விடாமல் சின்ன ஜோனாகச் சுருக்கி, அதற்குள் மட்டும் முகம் தேடவிடுங்கள். கண் கண்டறிதலை ஆன், ஆஃப் செய்ய ஒரு கஸ்டம் பட்டன் ஒதுக்குவதும் அவசியம். மெனுவுக்குள் போய்த் தேட அங்கே நேரம் கிடையாது.

கண்ணைச் சரியாகப் பிடித்தாலும் ஒரு கண்ணைத்தான் பிடிக்கும். ஃபுல் ஃபிரேமில் (பெரிய சென்சார் கேமராவில்) 85 எம்.எம். லென்ஸின் துவாரத்தை எஃப் 1.8ல் அகலத் திறந்து 2 மீட்டரில் எடுத்தால் தெளிவாக விழும் ஆழம் சுமார் 6 செ.மீ.தான். மாப்பிள்ளை ஒரு சாண் பின்னால் நின்றால் அவர் மங்கல்தான். எஃப் 4ல் அது சுமார் 13 செ.மீ. ஆகும். கேமரா திரையில் எல்லாம் நன்றாகத்தான் இருக்கும். 12க்கு 36 ஆல்பம் ஷீட்டில் பிரிண்ட் போட்டதும் குட்டு வெளிப்படும். ஜோடியாக நிற்கிறவர்களுக்கு எஃப் 4ஐ விடச் சின்ன எண்ணுக்குத் திறக்காதீர்கள்.

பழைய லென்ஸ் விஷயம் தனி. நம்மூரில் பலரிடமும் இருக்கும் நிக்கான் 50 எம்.எம். 1.8டி லென்ஸுக்குள் ஃபோகஸ் மோட்டார் கிடையாது. பாடியில் உள்ள மோட்டார்தான் அதை ஓட்டும். நிக்கானின் மிரர்லெஸ்ஸான இசட் வரிசை பாடியிலும் அந்த மோட்டார் இல்லை, பழைய லென்ஸை அதில் மாட்ட உதவும் எஃப்டிஇசட் அடாப்டரிலும் இல்லை. ஆட்டோஃபோகஸ் வேலை செய்யாது, கையால்தான் திருப்ப வேண்டும். பெயரில் ஏஎஃப்-எஸ் என்று போட்ட லென்ஸ்களுக்கு உள்ளேயே மோட்டார் உண்டு, அவை ஓடும். பாடி வாங்கப் போகும்போது பையில் உள்ள லென்ஸ்களையும் எடுத்துப் போய், அடாப்டரில் மாட்டிப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.